ஆண்டகை என்று நான் எழுதியது

நடந்தவை இவை:

1. ஓர் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் பிரபு அல்ல.
2. அவருடைய தகப்பனார் இறந்தார். அவர் பிரபு ஆனார். அவருடைய பெயர் மாறியது.
3. நான் பாரிசுக்கு வந்து அகதி அந்தஸ்துக் கேட்டு விண்ணப்பித்தேன்.
4. அவர் எனக்காக ஒரு கடிதம் எழுதினார்.
5. அதை நான் தமிழில் எழுதினேன். என் தமிழை இன்னொருவர் பிரெஞ்சில் எழுதினார். அதில் அவர் ஆயர் ஆகிவிட்டார்.
6. என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இந்த ஆறில் ஐந்தாவது என் கைப்பிழை.

நான் மின்னணுவியலில் டிப்ளோமா பெற்றவள். படிப்பு முடிந்ததும் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் திருத்தினேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, வீட்டைச் சோதனையிட வந்த இராணுவத்தினர் அந்த மேசையைப் பார்த்தார்கள். செய்தி அனுப்பும் கருவி செய்கிறாள் என்றார்கள். மேசையை உடைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இடையில் நடந்ததை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை.

என் அப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அந்தக் கிழமை நிலைமையைப் பார்ப்பதற்காக இலண்டனிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க அப்பா போயிருக்க வேண்டும். போகவில்லை. அதனால் மூவரில் ஒருவர் விசாரித்துக்கொண்டு, என்னைக் கொண்டுபோன மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். ஐம்பது தாண்டிய, உயரமான மனிதர். உடைந்த கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அப்பாவோடு இருந்துவிட்டார். அன்று பின்னேரம் நான் ஒழுங்கையில் நடந்து வந்தபோது அப்பாவுக்குப் பக்கத்தில் வாசல் படலையில் நின்றவர் அவர்தான். தொப்பியைக் கழற்றினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் ஒரு நத்தார் பண்டிகைக்கு அவருடைய முழுப்பெயரோடு வாழ்த்து மடல் வந்தது. அடுத்த நத்தார் மடலில் ஒரே ஒரு சொல்தான் கையொப்பமாக இருந்தது. அது ஓர் ஊரின் பெயர்.

"தகப்பன் போயிட்டார் போலை," என்றார் அப்பா. "இனி அந்தாளுக்கு இதுதான் பேர். இனிசலும் இல்லை, ஒண்டும் இல்லை."

அடுத்த ஆண்டு அப்பாவும் இறந்தார். நான் திரும்பி வந்ததைக் கண்ணால் கண்ட இரண்டு பேரில் ஒருவர் மிஞ்சினார்.

பாரிசில் நான் மார்க்ஸ் டோர்மோய் என்ற பகுதியில் இருந்தேன். அக்காவும் அத்தானும் வாடகைக்கு எடுத்த ஓர் அறையும் குசினியும். அறை அவர்களுக்கும் அவர்களுடைய சிறு பிள்ளைக்கும், சமைக்கிற குசினி இரவில் எனக்கு. இரவில் மேசையை மடித்துச் சுவரில் சாத்தினால்தான் பாய் விரிக்கலாம். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். மழையா வெயிலா என்று பார்க்க வேண்டுமானால் ஐந்து மாடி இறங்க வேண்டும்.

வேலை ரூ காய் என்ற தெருவில், வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுக்கும் கடையின் பின்பக்கம். டெக்குகளைத் திருத்துவேன். ஈரப்பதத்தில் பெல்ட் இழுபட்டுப் படம் ஆடும். பெரும்பாலும் அவ்வளவுதான் பழுது. முன்பக்கம் நிற்கிற ஆட்கள் திரைச்சீலையை விலக்கி, "தங்கச்சி உண்மையா நீங்களோ செய்யிறியள்? இல்லாட்டி உள்ளுக்குள்ள ஆரும் அண்ணை ஒளிச்சிருக்கிறாரோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்வேன். அறை நான்கடி அகலம்.

என்னிடம் இருந்த ஒரே பத்திரம் ரெசிப்பிசே. விண்ணப்பம் கிடைத்தது என்பதற்கான மூன்று மாதத் துண்டு. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், மருந்து வாங்கலாம், பொலிசுக்குக் காட்டலாம். எல்லையைத் தாண்ட முடியாது. வேலைக்குப் போகிற வழியில் பாலத்தின் கீழே கார் து நோர் நிலையத்து ரயில்கள் போகும். கரையில் கப்பல் மாறி இலண்டன் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய மனிதர் ஒரு பகல் பயணத் தூரத்தில் இருந்தார். நான் பாலத்தில் நின்று ரயிலின் பெட்டிகளை எண்ணிவிட்டுக் கடைக்குப் போவேன்.

அவருடைய முகவரி எனக்குத் தெரியாது. உறையில் அந்த ஒற்றைச் சொல்லையும், 'மேல்சபை, பாராளுமன்றம், இலண்டன்' என்பதையும் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. தடித்த தாள், உச்சியில் அச்சடித்த முத்திரை, அரைப் பக்கம் ஆங்கிலம், அடியில் அதே ஒற்றைச் சொல்.

விண்ணப்பத்தோடு சேர்க்க அதற்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். எனக்குப் பத்து நாள்தான் இருந்தது. எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் புதுச்சேரி ஐயா ஒருவர் இருந்தார். பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயிலுக்கு ஒரு நாளும் தவறாதவர், தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர். ஆங்கிலம் தெரியாது. ஆகவே நான் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது, அவர் தமிழைப் பிரெஞ்சாக்குவது என்று முடிவு செய்தோம்.

'லோட்' (Lord) என்ற பட்டச் சொல்லில் நின்றேன். 'பிரபு' என்று எழுதலாம் என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் எப்போது வரும் என்றால், அத்தான் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுக்கும்போது. "பெரிய பிரபு! சாப்பிட்ட கோப்பையை எடுத்து வைக்கக் கை வலிக்குது," என்பாள் அக்கா. அந்தச் சொல்லை அரசாங்கத்துக்குப் போகிற தாளில் அந்த மனிதருக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஆயருக்கு எழுதும்போது 'ஆண்டகை' என்பார்கள். ஆங்கிலத்தில் ஆயரையும் 'மை லோட்' என்றுதான் விளிப்பார்கள். ஆக, லோட் என்றால் ஆண்டகை. இரண்டு பக்கமும் சமன் என்று பட்டது. அவர் இருக்கும் சபையை 'ஆண்டகைமார் சபை' என்று எழுதினேன்.

ஐயா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆண்டகைன்னா நம்ம மொன்செஞேர் தானேம்மா?"

"ஓம் ஐயா. மரியாதையாய்ச் சொல்லுறது."

"இங்கிலீஷ்காரங்கள்ல இவ்ளோ நல்ல சாமியாரு இருக்காரா? தெரியாம போச்சே."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் பகிடி விடவில்லை. ஆண்டகைமார் சபையை 'ஆயர்கள் பேரவை' என்று பிரெஞ்சில் அழகாகத் தட்டச்சு செய்து, நாலு பிரதி எடுத்து, ஓரம் பிசகாமல் வெட்டிக் கொடுத்தார்.

நிராகரிப்புக் கடிதத்தில் அந்தப் பகுதி ஆறு வரி. விண்ணப்பதாரி தன் வாக்குமூலத்தில் ஒரு பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரைக் குறிப்பிடுகிறார். சாட்சிக் கடிதம் ஓர் ஆயரிடமிருந்து வந்துள்ளது. இருவரின் பெயர்களும் வேறு. ஆகவே கடிதத்தைக் கருத்தில் எடுக்க இயலாது.

பெயர் விஷயமும் என்னால்தான். வாக்குமூலத்தில் அவருடைய பழைய பெயரை எழுதியிருந்தேன். அவர் எங்கள் படலையில் நின்ற நாளில் அவருக்கு அந்தப் பெயர்தான். நடந்த நாளின் பெயரை எழுதுவதே சரி என்று நினைத்தேன். பாராளுமன்ற உறுப்பினர் என்றும் சேர்த்தேன். இப்போது அப்படித்தானே என்று. ஒரே வரியில் இரண்டு காலத்தைக் கலந்திருந்தேன்.

அத்தான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அவர் உணவுக்கடையில் கோப்பை கழுவுகிறவர். அக்கா சொல்வதுபோல அங்கே கழுவுவதால் வீட்டில் கழுவ மாட்டார்.

"அந்தாளுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"ஓம்."

"பிள்ளையள்?"

"இருக்கினம்."

"அப்ப நல்ல ஆயர்தான்," என்றார். அக்கா அவரை முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

புதுச்சேரி ஐயா சிரிக்கவில்லை. "நாந்தாம்மா கேட்டிருக்கணும். சாமியாருக்கு ஏன் தாள்ல சிலுவை இல்லன்னு கேட்டிருக்கணும்," என்று வாசலிலேயே நின்றார். நான் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருந்தது. செய்ய வேண்டியது இது என்று தாளில் எழுதினேன்: இரண்டு பெயரும் ஒருவரே. அவர் ஆயர் அல்ல. அவர் பாராளுமன்றத்தில் இருக்கிறார். நான்காவதாக ஒரு கேள்வி எழுதினேன், ஏனென்றால் எனக்கே பதில் தெரியவில்லை: எந்தத் தேர்தலில் வென்றார்?

கடை மூடும் திங்கட்கிழமைகளில் நகர நடுவிலிருந்த பெரிய பொது நூலகத்துக்குப் போனேன். பிரித்தானியப் பிரபு குடும்பங்களின் வரலாற்றை மட்டும் அச்சிடும் தடித்த புத்தகம் அங்கே இருந்தது. சிவப்பு அட்டை, மிகச் சிறிய எழுத்து, எங்கும் சுருக்கக் குறியீடுகள். ஒரு சர்க்கியூட் படத்தை வாசிப்பதுபோல விரலை வைத்துத்தான் வாசிக்க முடிந்தது. அந்த ஒற்றைச் சொல்லின் கீழே ஏழு தலைமுறை ஆண்கள் இருந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே கையொப்பம்.

அவருடைய வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்தேன். அவர் இரண்டாவது மகன். மூத்தவர் இளம் வயதில் இறந்ததால் வாரிசு ஆனார். சட்டம் படித்தார். சாதாரண குடிமகனாக இருந்த காலத்தில் மக்கள் வாக்களிக்கும் கீழ்சபைக்கு மூன்று தொகுதிகளில் போட்டியிட்டார். மூன்றிலும் தோற்றார். தகப்பனார் தொண்ணூறு தாண்டியும் வாழ்ந்தார், ஆகவே அவர் ஐம்பத்தைந்து வயதுவரை வாரிசாகவே இருந்தார். தகப்பனார் இறந்ததும் ஒருவருடைய வாக்கும் இல்லாமல் மேல்சபையில் உட்கார்ந்தார்.

மிச்சத்தைப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் தேடினேன். அவருடைய முதல் பேச்சு கிராமத்துப் பஸ் சேவைகளைப் பற்றியது. அவருடைய கட்சி அவரைப் போக்குவரத்துக்குப் பேச்சாளராக்கியது. அங்கே தஞ்சம் கேட்டு வருகிறவர்களைக் கரையிலேயே தடுக்கும் ஒரு சட்டம் வந்தபோது கட்சிக்கு எதிராக வாக்களித்தார். மறு கிழமை கட்சியை விட்டு, எந்தக் கட்சியும் சேராதவர்கள் உட்காரும் வாங்கில்களுக்கு மாறினார். பேச்சாளர் பதவி போனது.

பிரபு பட்டம் வேண்டாம் என்று ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுக்கும் உரிமை வாரிசுக்கு உண்டு என்பதையும் அங்கேதான் படித்தேன். எழுதிக் கொடுத்தால் கீழ்சபைத் தேர்தலில் நிற்கலாம். அவர் கொடுத்திருக்கவில்லை.

அவருக்கு மீண்டும் எழுதினேன். நடந்த பிழையைச் சொல்லிவிட்டு மூன்று கேள்விகளை எண்ணிட்டுக் கேட்டேன். அவரும் எண்ணிட்டே பதில் எழுதியிருந்தார். ஒன்று, இரண்டு பெயரும் தன்னுடையவை; அதற்குச் சபை எழுத்தரின் சான்று இணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு, தன்னை யாரும் தெரிவு செய்யவில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்ததில் மூன்று முறையும் மாட்டோம் என்றார்கள். மூன்று, பட்டத்தை விடும் கடிதத்தை எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். வருடம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. நான்காம் முறை தோற்கத் தனக்குத் துணிவு இருக்கவில்லை என்று எழுதியிருந்தார். அவரை ஆயராக்கியதில் அவருடைய மனைவிக்கு மிகுந்த சந்தோஷமாம்.

கடைசி வரியை ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் இரண்டு பக்கத்தையும் கடிதங்களையும் பிரெஞ்சாக்கும்போது அவர் இம்முறை ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டார். 'லோட்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு அடிக்குறிப்புப் போட்டார்: பரம்பரை உரிமையால் மேல்சபையில் இருப்பவர், குருவானவர் அல்ல.

விசாரணை நாளில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் நரைத்த தலையுடைய பெண். என் இரண்டு பக்கத்தையும் அவர் முன்கூட்டியே வாசித்திருந்தார் என்பது அடிக்கோடுகளில் தெரிந்தது. நான் தமிழில் பேசினேன், பக்கத்தில் ஒருவர் பிரெஞ்சில் சொன்னார்.

"முதல் மொழிபெயர்ப்பில் ஆயர் என்று இருக்கிறதே?"

"அது என் பிழை. மரியாதைக்காகத் தவறான சொல் போட்டேன்."

"பெயர் விளங்கிவிட்டது. பதவியும் விளங்கிவிட்டது. அப்படியானால் இவர் யாரையும் பிரதிநிதித்துவம் செய்யவில்லை?"

"இல்லை."

"பிறகு இவருடைய சொல்லை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்?"

"அவர் எங்கள் வீட்டில் நின்றவர்."

"நின்று எதைப் பார்த்தார்?"

"நான் திரும்பி வந்ததை."

அவர் கடிதத்தைத் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தார். குரலைத் தணித்துத்தான் சொன்னார்: "மத்மசேல், இந்தக் கடிதத்தில் அது இல்லையே."

இருக்கவில்லை. அந்த அரைப் பக்கத்தை நான் எத்தனையோ தரம் வாசித்திருந்தேன். குடும்பத்தின் நேர்மையைத் தான் அறிவதாகவும், அவர்கள் மிகக் கடினமான ஒரு நேரத்தில் இருந்தபோது அவர்களுடைய விருந்தினராக இருக்கும் பேறு தனக்குக் கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். ஓர் இளம்பெண்ணுக்கு நடந்ததை முத்திரையிட்ட தாளில் எழுதுவது முறையல்ல என்று நினைத்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றவர் அப்படித்தான் எழுதுவார். நானும் அவர் யார் என்பதை நிறுவ இரண்டு பக்கம் எழுதினேனே தவிர, அவர் என்ன கண்டார் என்பதற்கு ஒரு வரி கேட்கவில்லை.

தலைவர் இரண்டு மாத அவகாசம் தந்தார்.

அன்று மாலையே எழுதினேன். அவர் எழுத வேண்டியவற்றைப் பட்டியலிட்டேன்: வந்த நேரம், கதவு, மேசை, அப்பா என்ன சொன்னார், எத்தனை மணிக்கு நான் வந்தேன், எப்படி நடந்தேன், என் உடுப்பு எப்படி இருந்தது. கடைசி இரண்டையும் இரண்டு முறை வெட்டி மூன்றாம் முறையும் எழுதினேன். அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்ப் பிள்ளையைத் தூங்கப் போட்டாள்.

நான்கு கிழமை பதில் இல்லை. ஐந்தாம் கிழமை வந்தது. அதே தடித்த தாள். அதே ஒற்றைச் சொல் அடியில். கையெழுத்து மட்டும் வேறு.

அவருக்குக் கையில் ஏதோ வருத்தம் போல என்று நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். எழுதியவர் மகன். தகப்பனார் இறந்துவிட்டார், என் கடிதம் வந்தது அடக்கம் முடிந்து நான்காம் நாள், பதில் தாமதித்ததற்குத் தான் வருந்துவதாக எழுதியிருந்தார். தகப்பனார் பயணங்களில் குறிப்பேடு வைத்திருப்பவர். அவை நாட்டுப்புறத்து வீட்டில் பெட்டிகளில் இருக்கின்றன, ஒழுங்குபடுத்தப்படவில்லை. வசந்தத்தில் அங்கே போகும்போது தேடிப் பார்ப்பார். தன்னால் வேறு எந்த வகையில் உதவ முடியும் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு செய்வார்.

அத்தான்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"பிள்ளை, அவரிட்டையே கேள். உம்முடைய தகப்பன் இப்பிடிக் கண்டவர், அதை நீர் எழுதித் தாரும் எண்டு. அடியிலை அதே பேர். அதே தாள். அதே சபை. இஞ்சை ஆர் கையெழுத்துப் பாக்கப் போறான்?"

"அவர் காணேல்லை அத்தான்."

"பேர் கண்டதுதானே!"

"பேர் எப்பிடிக் காணும்?"

"முதல் தரம் உண்மையைத்தானே குடுத்தனி? அவங்கள் ஆளை ஆயராக்கி அனுப்பினவங்கள். இப்ப அவங்களுக்கு விளங்கிற மாதிரிக் குடு."

"ஆயராக்கினது நான்," என்றேன்.

அக்கா பிள்ளையின் உடுப்புகளை எடுத்து மடித்து அடுக்கினாள். நிராகரித்தால் ரெசிப்பிசே போகும், அதோடு வேலையும் போகும், பொலிஸ் தேடிவருகிற ஆளை ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் பிள்ளையோடு வைத்திருக்க வேண்டியவள் அவள்.

அத்தான் சொன்னது நடக்கக்கூடியது. ஏழு பேர் போட்ட கையொப்பம், இப்போது எட்டாமவர் போடுகிறார். மகனும் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் கடையில் டெக்குகளைத் திறந்து திறந்து மூடினேன். இரண்டாம் நாள் மதியம், திரைச்சீலைக்குப் பின்னால், அந்த மனிதர் இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குள் போனது. அவர் இறந்ததை நான் அதுவரை ஒரு தடங்கலாகவே எண்ணியிருந்தேன். முதலாளி முன்பக்கத்திலிருந்து இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் எழும்பிப் போனேன்.

மாலையில் மகனின் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். ஐயா தட்டச்சு இயந்திரத்தின் மூடியை எடுத்துவிட்டுத் தாளைச் செருகினார். கையொப்பத்தைப் பார்த்தார்.

"அதே பேருதானேம்மா. போன தடவ போட்ட அடிக்குறிப்பையே போட்டுடட்டுமா?"

"இல்லை ஐயா. மகன் எண்டு போடுங்கோ. தகப்பன் இறந்திட்டார் எண்டும் போடுங்கோ."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "வீட்ல சொல்லிட்டியாம்மா?"

"இல்லை."

அவர் தட்டத் தொடங்கினார்.

இன்றைய நிலை இது. மகனின் கடிதமும், குறிப்பேடு கிடைக்கும்வரை அவகாசம் கேட்டு நான் எழுதிய கடிதமும் மேன்முறையீட்டு அலுவலகத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் வரவில்லை. முதலில் தந்த இரண்டு மாதம் முடிந்துவிட்டது. குறிப்பேடு கிடைத்ததாகச் செய்தி இல்லை. அத்தான் என்னோடு பேசுகிறார், ஆனால் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ரெசிப்பிசே அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதிவரை செல்லும்.